ஆரம்பகால டிஸ்கோ, சோல் தொகுப்பு ஆல்பங்கள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிஸ்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 80களின் சினிமாப் பாட்டும் கூரையில் சுழலும் கண்ணாடி உருண்டையும்தான். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1970க்கும் 1976க்கும் இடையில், நியூயார்க் கிளப்புகளில் விடிய விடிய ஓடியது வேறு மாதிரியான இசை. நீளமான சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாட்டுகள், பின்னால் முழு வயலின் குழு, நடுவில் பாடகரை நிறுத்திவிட்டு டிரம்மும் பேஸும் மட்டும் தனியாக ஓடும் சில நிமிடங்கள். அதை இன்றைக்குக் கேட்கச் சுலபமான வழி தொகுப்பு ஆல்பங்கள்தான். சிக்கல் என்னவென்றால், கடையில் டிஸ்கோ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் இந்த இசை இருக்காது. இருந்தாலும் பாதியாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது முப்பது வருடம் கழித்து மறுபடி பாடிய பதிவாக இருக்கும்.

லண்டனில் இருந்துகொண்டு இதைத் தேடி அலைந்ததில் கிடைத்த தெளிவை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். விலையெல்லாம் பவுண்டில், உத்தேசமாக. இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் 7ஆம் படியைக் கட்டாயம் படியுங்கள்.

1. எந்த ஊர், எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே அலமாரியில் நான்கு வகை இசை கலந்து கிடக்கும். எது வேண்டும் என்று தெரியாமல் போனால் நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி எதிலும் நிறைவு இருக்காது.

நியூயார்க்கின் ஆரம்பகால கிளப் இசை ஒன்று. டேவிட் மன்குசோ 1970 பிப்ரவரி 14 அன்று, பிராட்வே 647ஆம் எண்ணில் இருந்த தன் வீட்டிலேயே நடத்திய விருந்துதான் தி லாஃப்ட் ஆனது. டிஜே நிக்கி சியானோவின் தி கேலரி கிளப் அதையடுத்து வந்தது. இரண்டாவது ஃபிலடெல்ஃபியா: தயாரிப்பாளர்கள் கேம்பிள், ஹஃப் இருவரும் 1971இல் தொடங்கிய லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்), சிக்மா சவுண்ட் ஸ்டூடியோ, டிரம்மர் எர்ல் யங். டிஸ்கோ என்று பின்னால் எல்லோரும் வாசித்த அந்த ஹை-ஹாட் (டிரம்மோடு சேர்ந்த ஜோடித் தாளத்தட்டு) தாளத்தை இவர் கையில்தான் முதலில் தெளிவாகக் கேட்கலாம். மூன்றாவது, இங்கிலாந்தின் வட பகுதி கிளப்புகளில் ஆடிய நார்தர்ன் சோல். விகன் கேசினோ 1973 முதல் 1981 வரை நடந்தது என்றாலும், அங்கே ஓடிய இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை 60களில் அமெரிக்காவில் வந்து விலைபோகாமல் கிடந்தவை. வேகம் அதிகம், நீளம் இரண்டரை நிமிடம். நான்காவது, டிஜே லாரி லெவன் வாசித்த பாரடைஸ் கராஜ் கிளப்பின் காலம். அது 70களின் கடைசியில் தொடங்கி 1987 வரை போகிறது, சின்தசைசர் உள்ளே வந்துவிடும்.

இந்தக் கட்டுரை முதல் இரண்டு வகையைப் பற்றியது. மற்ற இரண்டையும் ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

2. பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் தொகுத்தவர் யார் என்று பாருங்கள்

அட்டையில் தொகுத்தவர் பெயரே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். பெரிய ஹிட் பாட்டுகளை அள்ளிப்போட ஆள் தேவையில்லை. எந்தத் தட்டு அந்தக் காலத்து கிளப்பில் உண்மையில் ஓடியது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்தக் காலத்து டிஜேயே தேர்ந்தெடுத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம்.

நான் முதலில் கையில் எடுக்கச் சொல்வது இரண்டு. நூஃபோனிக் லேபிள் 1999இல் வெளியிட்ட டேவிட் மன்குசோ தொகுத்த லாஃப்ட் ஆல்பம். அடுத்து, சோல் ஜாஸ் லேபிள் 2004இல் கொண்டுவந்த நிக்கி சியானோவின் கேலரி தொகுப்பு. அதன் உறையிலேயே 1973 முதல் 77 வரை என்று காலத்தைப் போட்டிருக்கிறார்கள், அதுவே பாதி உதவி. லாஃப்ட் ஆல்பத்தில் காலம் முன்னும் பின்னுமாக இருக்கும். மன்குசோ பின்னாளில் வாசித்தவையும் அதில் உண்டு. அதனால் ஆரம்பகாலம் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் சியானோவிலிருந்து தொடங்குங்கள்.

ஃபிலடெல்ஃபியாவுக்கு, டாம் மோல்டன் 1977இல் மறுமிக்ஸ் செய்த (பழைய பதிவை மறுபடி கலந்து அமைத்த) ஃபிலடெல்ஃபியா கிளாசிக்ஸ். பழைய தட்டாகச் சுலபமாகக் கிடைக்கும். மோல்டனின் பிற லேபிள் வேலைகளுக்கு சோல் ஜாஸ் 2006இல் போட்ட தொகுப்பு இருக்கிறது.

ஸ்ட்ரட் லேபிளின் டிஸ்கோ நாட் டிஸ்கோ நல்ல தொகுப்புதான், ஆனால் அது வேறு பக்கம் போகிற இசை. பெயரில் டிஸ்கோ இருக்கிறதே என்று முதலில் அதை வாங்கிவிட்டு, வயலின் எங்கே என்று தேடாதீர்கள். நார்தர்ன் சோல் பக்கம் மனம் போனால் கென்ட் லேபிள். 1982இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பிலிருந்தே ஆல்பத்தோடு வரும் கையேடு எழுதுவதில் கவனமானவர்கள்.

தொகுத்தவரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. வின்ஸ் அலெட்டி 1974 முதல் ஒரு இசைத்தொழில் வார இதழில் டிஸ்கோ பத்தி எழுதினார். டிஜேக்கள் அந்த வாரம் வாசித்த பட்டியல்களை அப்படியே போடுவார். அவை பின்னர் புத்தகமாகவும் வந்தன. டிம் லாரன்ஸ் 2003இல் எழுதிய நியூயார்க் டிஸ்கோ வரலாற்று நூலிலும் டிஜே வாரியாகப் பட்டியல்கள் உண்டு. நூலகத்தில் கிடைத்தால் அந்தப் பக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டாலே போதும்.

3. பின்னட்டையை நிதானமாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

முதலில் நிமிடக் கணக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் நேரம் அச்சாகியிருக்க வேண்டும். இருபது பாட்டும் மூன்றே கால் நிமிடம், மூன்றரை நிமிடம் என்று வரிசையாக இருந்தால் அது ரேடியோவுக்காக வெட்டிய வடிவங்களின் தொகுப்பு. கிளப்பில் அதை யாரும் ஆடவில்லை. எடி கென்ட்ரிக்ஸ் 1972இல் பாடிய 'கேர்ல் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு நடுவில் அடங்கி, தாளம் தனியாக நின்று, மறுபடி ஒவ்வொரு வாத்தியமாக ஏறும். அந்த ஏற்றத்துக்காகத்தான் டிஜேக்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மூன்று நிமிடத்தில் வெட்டினால் மோட்டவுன் லேபிளின் சாதாரணப் பாட்டுதான் மிஞ்சும். நேரமே அச்சாகாத அட்டை என்றால், பெரும்பாலும் மறைக்க ஏதோ இருக்கிறது.

இரண்டாவது, பாகம் 1 என்ற சொல். அந்தக் காலத்தில் சிறிய 7 அங்குலத் தட்டில் நீளப் பாட்டு கொள்ளாது. அதனால் பாதியை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் போட்டார்கள். ஹரால்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் குழுவின் 1973 ஹிட் 'த லவ் ஐ லாஸ்ட்' அப்படி வந்ததுதான். சில தொகுப்புகள் பாகம் 1ஐ மட்டும் எடுத்துப் போட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது இரண்டு பாகமும் சேர்ந்த ஆல்பம் வடிவம், ஆறு நிமிடத்துக்கு மேல் வரும்.

மூன்றாவது, 12 அங்குல வடிவம் என்ற விளம்பரம். கடைகளில் விற்ற முதல் 12 அங்குல சிங்கிள் (ஒரு பாட்டை நீளமாகப் போடும் பெரிய தட்டு), வால்டர் கிபன்ஸ் மிக்ஸ் செய்து சால்சோல் லேபிள் வெளியிட்ட 'டென் பெர்சென்ட்'. வருடம் 1976. அப்படியென்றால் 1973இன் ஒரு பாட்டுக்கு அசல் 12 அங்குல வடிவம் என்று யாராவது போட்டிருந்தால் கணக்கு இடிக்கிறது. அது பின்னால் செய்த மறுமிக்ஸ். மறுமிக்ஸ் என்றால் மோசம் என்று சொல்ல வரவில்லை. எம்.எஃப்.எஸ்.பி. குழுவின் 'லவ் இஸ் த மெசேஜ்' 1973 ஆல்பத்தில் வந்ததை மோல்டன் 1977இல் 11 நிமிடத்துக்கு மேல் நீட்டினார், அந்த வடிவம்தான் நியூயார்க் முழுக்கக் கொண்டாடப்பட்டது. எது அசல், எது பிந்தையது என்று தெரிந்து வாங்கினால் போதும்.

நான்காவது, மறுபதிவு. இதுதான் பெரிய பொறி. பழைய பாடகரையே 90களிலோ 2000களிலோ மலிவான கீபோர்டுக்கு முன் நிறுத்தி மறுபடி பாட வைத்து, பழைய படத்தை உறையில் போட்டு விற்பார்கள். அசல் கலைஞர்களே பாடியது என்று பெரிதாக இருக்கும், புதிய பதிவு என்பது கடுகெழுத்தில் இருக்கும். கண்டுபிடிக்க, பாட்டு வாரியாக அச்சிட்ட உரிமை வரிகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் பி என்ற ஆங்கில எழுத்தும் அருகில் ஒரு வருடமும் இருக்கும். அது அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான வருடம். 1974 என்றால் சரி, 2003 என்றால் வேண்டாம். அட்டையின் அடியில் தொகுப்பு முழுவதற்கும் ஒரு பொது வருடம் போட்டிருப்பார்கள், அது எப்போதும் புதிதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

உரிமை வரிகளே இல்லை, விலையும் அடிமாட்டு விலை என்றால்? பிரிட்டனில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் 50களின் ரிதம் அண்ட் புளூஸை யார் வேண்டுமானாலும் மலிவாகத் தொகுக்கலாம். 70களின் சோல் அப்படியல்ல, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதி வாங்காதவர் கையில் மூல நாடாவும் இருக்காது. யாரோ ஒருவரின் கீறல் விழுந்த தட்டிலிருந்து இறக்கியதாகத்தான் இருக்கும்.

4. மிக்ஸ் செய்ததா, தனித்தனிப் பாட்டா?

இதையும் அட்டை சொல்லிவிடும், ஆனால் பலர் பார்ப்பதில்லை. மிக்ஸ் செய்த தொகுப்பில் ஒரு பாட்டின் கடைசி அடுத்ததன் தொடக்கத்தோடு கலந்திருக்கும். லாரி லெவன் 1979இல் பாரடைஸ் கராஜில் வாசித்ததை ஸ்ட்ரட் 2000இல் வெளியிட்டது. அதை ஒரு இரவின் பதிவாகக் கேட்க வேண்டும், தனிப் பாட்டு தேட அது உதவாது. மன்குசோ நேர் எதிர். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் போடுவதுதான் அவர் பிடிவாதம், அதனால் லாஃப்ட் தொகுப்பில் முழு வடிவங்கள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிக்ஸ் செய்யாத தொகுப்பே நல்லது என்பது என் கருத்து. பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதுக்குப் பழக வேண்டும் அல்லவா.

இன்னொன்று. இன்றைய டிஜேக்கள் பழைய நாடாக்களை எடுத்து மறுபடி கட்டிய ஆல்பங்கள் அதே அலமாரியில் இருக்கும். ஜோயி நீக்ரோ என்ற பெயரில் வெளிவந்த ரீமிக்ஸ்ட் வித் லவ் வரிசை அப்படிப்பட்டது. வேலை சுத்தமானதுதான், ஆனால் அது இந்த நூற்றாண்டின் இசை.

5. காசு கட்டும் முன் கேட்டுப் பாருங்கள்

தொகுப்பின் பாட்டுப் பட்டியலை டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு பாட்டாகத் தேடுங்கள். பெயர் பொருந்தினால் போதாது, நேரமும் பொருந்த வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் ஒரே பாட்டு ஏழெட்டு வடிவத்தில் கிடக்கும், மறுபதிவும் அதில் கலந்திருக்கும். தொகுப்பு ஆல்பமே முழுதாக ஸ்ட்ரீமிங்கில் இருந்தாலும் உரிமை காரணமாகச் சில பாட்டுகள் சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும், நாட்டுக்கு நாடு இது மாறும். பாதிப் பாட்டு பிடித்தால் வாங்கலாம். அதற்கும் குறைவென்றால் பிடித்ததை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு நகருங்கள்.

6. சிடியா, வினைலா?

செலவை நினைத்தால் சிடி. லண்டன் பழைய கடைகளில் நல்ல தொகுப்புகளின் சிடி 5 முதல் 12 பவுண்டுக்குள் கிடைக்கிறது. புதிய இரட்டை வினைல் 25இல் தொடங்கி 35 வரை போகும். ஒரு சிடியில் 80 நிமிடம் வரை பிடிக்கும். வினைலில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் இருந்தால்தான் சத்தம் நிறைவாக வரும். அதனால் ஒரே தொகுப்பின் வினைல் பதிப்பில் சில பாட்டுகள் விடுபட்டிருப்பது சகஜம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 70களிலேயே வந்த, ஒரு தட்டில் இருபது பாட்டை அடைத்த ஹிட்ஸ் வினைல்கள் ஒரு பவுண்டுக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பள்ளங்கள் நெருக்கமாகி பேஸ் சப்பென்று ஒலிக்கும், பாட்டுகளும் வெட்டப்பட்டவை.

கையேடு முழுமையாக இருக்கிறதா என்பதும் விலையில் சேர்த்தி. சோல் ஜாஸ், கென்ட் தொகுப்புகளில் பாதி மதிப்பு அந்தக் கையேட்டில்தான்: யார் வாசித்தார், எந்த லேபிள், எந்த எண். அடுத்து எதைத் தேடுவது என்பதற்கு அதுதான் ஆவணம். கையேடு இல்லாத சிடிக்குப் பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

லண்டனில் சோஹோ பக்கம் போக முடிந்தால் பிராட்விக் தெருவில் சோல் ஜாஸின் சொந்தக் கடை இருக்கிறது. சுற்றிலும் பெர்விக் தெருவில் பழைய தட்டுக் கடைகள். கேட்டுப் பார்த்து வாங்கலாம், தபால் செலவும் இல்லை. வார நாட்களில் மதியத்துக்கு முன் போவது உத்தமம். சனிக்கிழமை நின்று பார்க்க இடம் இருக்காது.

சிறிய லேபிள்களின் தொகுப்பு அச்சில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பாட்டு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வாங்குகிறார்கள், அது முடிந்தால் மறு அச்சு சிரமம். லேபிளே மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். நூஃபோனிக் இன்று இல்லை, ஆகவே லாஃப்ட் தொகுப்புக்கு அடுத்த படிதான் வழி.

7. இணையத்தில் பழையதை வாங்குவது: தரம், வரி, காகிதங்கள்

தரக் குறியீட்டைப் பேச்சு வழக்கில் புரிந்துகொள்ளக் கூடாது. 'குட்' என்று போட்டிருந்தால் நல்லது என்று பொருளில்லை, பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் ஓடும் என்று பொருள். வினைலுக்கு 'வெரி குட் பிளஸ்' என்பதற்குக் கீழே இறங்காதீர்கள். தட்டுக்கு ஒரு தரமும் உறைக்கு ஒரு தரமும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். கேட்டுப் பார்த்துத் தரம் போட்டாரா, கண்ணால் பார்த்துப் போட்டாரா என்று விற்பவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பிரிட்டனுக்குள் சிடி பெரிய கடித உறையிலேயே போய்விடும். வினைல் அந்த அளவுக்குள் அடங்காது, பார்சல் கட்டணம்தான். வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வரவழைத்தால் 135 பவுண்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். தபால் செலவு சேர்க்காமல் பார்சலின் மதிப்பு அதற்குள் இருந்தால் 20 சதவீத வாட் வரியைப் பெரும்பாலும் பணம் கட்டும்போதே எடுத்துவிடுவார்கள். தாண்டினால் வாசலில் வரி, தபால்காரர்களின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். சுங்கத் தீர்வையும் வரலாம். தபால் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்துத் தட்டை ஒரே பெட்டியில் போடச் சொன்னால் இந்த எல்லையைத் தாண்டிவிடும். 2021 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வருவதும் இதே கணக்குதான்.

இந்தியாவுக்கு கூரியரில் வருகிறது என்றால் அடையாள ஆவணம் கேட்பார்கள், ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல்: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆர்டரில் முன்னால் போட்டிருப்போம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆர்டரில் போடுங்கள். வரி சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், அனுப்பச் சொல்லும் முன் சுங்கத் துறைத் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். விலைச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, பாட்டுப் பட்டியல் பக்கத்தின் நகல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், கேள்வி வரும்போது தேட வேண்டாம்.

பரிசுப் பொருள் என்று எழுதி, மதிப்பைக் குறைத்துப் போடட்டுமா என்று சில விற்பனையாளர்கள் தாங்களாகவே கேட்பார்கள். வேண்டாம். அது சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். பார்சல் தொலைந்தால் சீட்டில் போட்ட தொகைதான் திரும்ப வரும் என்பது இன்னொரு பக்கம். 60 பவுண்டு தட்டுக்கு 5 பவுண்டு கையில் வாங்கிக்கொண்டு நிற்க நேரும்.

8. பார்சல் வந்ததும்

பிரிப்பதற்கு முன் பெட்டியின் நாலு மூலையையும் படம் எடுங்கள், பிறகு பிரிக்கும்போதும். பிரிட்டனில் இணையக் கடையிலிருந்து வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாள் வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் ஒலிப்பதிவுகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: மூடி முத்திரையிட்ட உறையைக் கிழித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் தவறான பதிப்பு வந்திருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே பின்னட்டையின் நேரத்தையும் பட்டியல் எண்ணையும் ஒப்பிட்டுவிடுங்கள். பழுதடைந்த பொருளுக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. கடையிலிருந்து வாங்கியது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் 14 நாள் உரிமை இல்லை, அவர் விளம்பரத்தில் எழுதிய விவரம்தான் உங்கள் பிடி. ஆகவே அந்தப் பக்கத்தை வாங்கும் நாளிலேயே சேமித்து வையுங்கள், விற்றதும் சிலர் விவரத்தை மாற்றிவிடுகிறார்கள்.

சிடியை முதல் வாரத்திலேயே முழுதாக ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு பாட்டில்தான் தாவல் அதிகம் வரும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, விரல் பட்டுத் தேய்வது வெளி விளிம்பு. லேசான கறை என்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அப்படியும் தாவினால் 30 நாள் முடியும் முன் கடைக்கு எழுதிவிடுங்கள்.